பாலைவனத்தில் நீச்சல்: ஆர்மிஸ்டன் மலையிடுக்குக்கு வடசென்னையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

ஆடி மாதம் பாலைவனத்துக்குப் போய் நீச்சலடித்துவிட்டு வந்தேன் என்றால் தண்டையார்பேட்டையில் ஒருத்தரும் நம்புவதில்லை. "பாலைவனத்துல ஏதுடா தண்ணி?" என்பார்கள். போனில் படத்தைக் காட்டினால் அடுத்த கேள்வி "எப்படிப் போறது?" என்று வரும். டீக்கடையில் நின்றபடியே பத்துப் பேருக்குச் சொல்லியாகிவிட்டது. இனி ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்றுதான் இது.

அக்கா ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் நர்ஸாக இருக்கிறாள். ஆஸ்திரேலியா வரைபடத்தில் நட்டநடுவில் விரலை வைத்தால் அந்த ஊர்தான். அங்கிருந்து மேற்கே 135 கிலோமீட்டரில் ஆர்மிஸ்டன் கார்ஜ். கார்ஜ் என்றால் மலையை ஆறு அறுத்துக்கொண்டு போன இடுக்கு. மேற்கு மெக்டொனெல் மலைத்தொடரில் இப்படி நிறைய இடுக்குகள் இருக்கின்றன. நான் இரண்டு முறை போனேன். முதல்முறை ஒரே நாளில் ஐந்து இடங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று பேராசைப்பட்டு, எதையும் சரியாகப் பார்க்காமல் திரும்பினேன். இரண்டாம் முறை ஆர்மிஸ்டனிலேயே இரண்டு இரவு தங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் பகலில் வந்து போகிற இடம் அது. காலையும் மாலையும் அங்கே இருப்பவர்களுக்குத்தான் அந்த மலை முகம் காட்டுகிறது.

எந்த மாதம்

அங்கே பருவம் நமக்கு நேர்தலைகீழ். டிசம்பர், ஜனவரியில் வெயில் 40 டிகிரியையும் தாண்டும். அந்த மாதங்களில் நடையை மறந்துவிடுங்கள். கத்திரி வெயிலில் வளர்ந்தவர்கள் நாம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் உடம்பு நனையும், வியர்ப்பது தெரியும். அங்கே காற்று அவ்வளவு வறண்டது. வியர்வை வந்த சுவடே இல்லாமல் காய்ந்துவிடும், உடம்பில் தண்ணீர் குறைவதே தெரியாது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் சராசரியாக 300கூட வராது.

போகத் தோதானது ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஜூன், ஜூலையில் பகல் வெயில் 20 டிகிரி அளவில் நிற்கும், நடக்க அருமையாக இருக்கும். ஆனால் இரவில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் இறங்கலாம், தண்ணீரும் ஐஸ்தான். ஏப்ரல் கடைசி, மே முதல் பாதியில் பகல் 23 முதல் 28 டிகிரி, தண்ணீரில் கோடையின் சூடு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். நம் பள்ளிகளுக்கும் அப்போது விடுமுறை. பிள்ளைகளோடு நீந்தத்தான் போகிறீர்கள் என்றால் மே மாதம். நடைதான் முக்கியம் என்றால் ஜூலை.

அம்மாவை அழைத்துப் போனது ஜூலையில். விடியற்காலை கூடாரத்திலிருந்து தலையை நீட்டி, "இன்னாடா இது, ஊர்ல ஆடிக் காத்து புழுதியா அடிக்குது, இங்க பல்லு தந்தியடிக்குது" என்றாள். மூன்று சட்டை போட்டிருந்தாள், மேலே என் ஜெர்கினையும்.

ஊரில் இருக்கும்போதே

விசா ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும், போய் இறங்கிய பிறகு கிடைக்காது. முகாமிடத்தையும் நார்தர்ன் டெரிட்டரி (ஆலிஸ் இருக்கும் பிரதேசம்) பூங்காத் துறையின் தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குப் பூங்கா அனுமதிச் சீட்டு தனி, 2023 முதல் அந்த முறை இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அவர்களுடைய பள்ளி விடுமுறை ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் வரும். அப்போது முகாமிடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

உடம்பைத் தயார் செய்வதுதான் உண்மையான வேலை. அங்கே நடக்கப்போவது மண்ணும் உருண்டைக் கல்லும் நிறைந்த ஆற்றுப்படுகை. பூங்காவில் வட்டமடிப்பது அதற்குப் போதாது, கணுக்காலும் முட்டியும் பழக வேண்டும். நான் செய்தது இது: இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலைப் பிடித்துத் திருத்தணி போய் 365 படிகளை ஏறி இறங்கி, ஒரு காப்பி குடித்துவிட்டு மறுபடி ஏறினேன். முருகனுக்கும் ஆச்சு, முட்டிக்கும் ஆச்சு. அங்கே போடப்போகிற ஷூவையே போட்டுக்கொண்டு போங்கள். புது ஷூவோடு அங்கே போய் இறங்கினால் இரண்டாம் கிலோமீட்டரில் கொப்புளம் வரும்.

நீச்சலுக்குப் பெரியமேடு மைலேடீஸ் பூங்கா குளம் நமக்குப் பக்கம். 25 நிமிடம் நிற்காமல் நீந்தவும், மல்லாந்து அசையாமல் மிதக்கவும் வர வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். தயவுசெய்து புழல் ஏரியிலோ செங்குன்றம் பக்கத்துக் குட்டைகளிலோ பயிற்சி எடுக்கப் போகாதீர்கள். அது குடிதண்ணீர், தவிர ஆண்டுதோறும் ஆளை வாங்கும் தண்ணீர்.

எடுத்துப்போகும் துணிமணியில் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, கழுத்தை மூடும் தொப்பி. இரண்டு, தொப்பிக்கு மேல் போடும் ஈ வலை. அங்கே ஈ கடிக்காது, ஆனால் கண், மூக்கு, வாய் என்று ஈரம் தேடி வந்து உட்காரும். காசிமேடு ஏலக்கூடத்தில் நின்று பழகிய எனக்கே பொறுமை போய்விட்டது. மூன்று, முழுக்கை நீச்சல் சட்டை. உடம்பெல்லாம் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு ஓடாத தண்ணீரில் இறங்கினால் அது அங்கேயே மிதக்கும். அந்தத் தண்ணீரைத்தான் சுற்றியுள்ள எல்லா உயிரும் குடிக்கிறது. சட்டை போட்டுக்கொண்டால் பூச வேண்டிய இடமே கொஞ்சம்தான்.

அப்புறம் சாப்பாட்டுப் பொட்டலம். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் அறிவிப்புப் படிவத்தில் எழுத வேண்டும். மறைத்துப் பிடிபட்டால் அபராதம். எழுதிக் கொடுத்துவிட்டால் பார்த்துவிட்டு அனுப்புவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அம்மா எனக்குத் தெரியாமல் பெட்டிக்குள் நெத்திலிக் கருவாட்டை மூன்று கவரில் சுற்றி வைத்திருந்தாள். பெட்டியைத் திறந்த அதிகாரி முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெயர்ச்சீட்டு ஒட்டாத வீட்டுப் பொட்டலம் என்பதால் அது குப்பைத் தொட்டிக்குப் போனது. கடையில் வாங்கிய, சீட்டு ஒட்டிய இட்லிப் பொடி தப்பித்தது.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக டார்வின், அடிலெய்ட், மெல்போர்ன், சிட்னி ஏதாவது ஒன்றுக்குப் போய், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். அங்கே கடிகாரம் நம்மைவிட 4 மணி நேரம் முந்தி ஓடும். டார்வின் வழியாகப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: டார்வின் பக்கத்து ஆறு, கடல் எல்லாவற்றிலும் முதலை. நீந்தலாம் என்று பலகை வைத்திருக்கும் இடம் தவிர வேறெங்கும் கால்கூட நனைக்காதீர்கள். ஆலிஸ் பக்கத்துக் குளங்களில் முதலை கிடையாது. வீட்டில் கேட்பார்கள் என்றுதான் இதைச் சொல்லிவைக்கிறேன்.

ஆலிஸில் ஒரு இரவு தங்கி, மளிகையும் தண்ணீரும் வாங்கி, கார் எடுங்கள். நம் ஊர் போலவே இடதுபக்கம் ஓட்டுவதால் சிரமம் இல்லை. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஆர்மிஸ்டன் வரை தார்ச்சாலைதான், சாதாரண கார் போதும். எரிபொருளை ஆலிஸிலேயே முழுத் தொட்டி நிரப்பிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று கணக்குப்போட்டு காரில் ஏற்றுங்கள். மிஞ்சினால் மிஞ்சட்டும்.

ஊரைத் தாண்டியதும் போன் சிக்னல் போய்விடும். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வையுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவசர எண் 000.

அந்த 135 கிலோமீட்டர்

காலை கிளம்பினால் போதும். விடியுமுன்போ இருட்டியபின்போ ஓட்டாதீர்கள். கங்காருவும் வேலியில்லாத மாடும் சாலைக்கு வரும் நேரம் அதுதான். பல வாடகைக் கார் ஒப்பந்தங்களில் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டக் கூடாது என்றே எழுதியிருக்கும்.

சாலையின் முதல் பகுதிக்கு லாராபின்டா டிரைவ் என்று பெயர். அதிலிருந்து பிரிவது நமாட்ஜிரா டிரைவ். ஆல்பர்ட் நமாட்ஜிரா (1902–1959) இந்த மண்ணின் பழங்குடிகளான மேற்கு அரென்டே இனத்து ஓவியர். இந்த மலைகளையும் வெள்ளை மரங்களையும் நீர்வண்ணத்தில் வரைந்து உலகுக்குக் காட்டியவர். படங்களில் அந்த ஊதாநிற மலையைப் பார்க்கும்போது கொஞ்சம் கூட்டித்தான் வரைந்திருக்கிறார் என்று நினைத்தேன். மாலை ஐந்தரைக்கு நேரில் பார்த்தேன். கூட்டவே இல்லை.

வழியில் சிம்ப்ஸன்ஸ் கேப், ஸ்டான்ட்லி கேஸம், எல்லரி கிரீக் பிக் ஹோல், காவிக்கல் குழிகள் என்று நிறுத்தங்கள் வரும். எல்லாவற்றிலும் இறங்க ஆசை வரும், இறங்காதீர்கள். போகும்போது காவிக்கல் குழிகளில் மட்டும் அரைமணி நேரம் நிறுத்துங்கள். அரென்டே மக்கள் சடங்குகளுக்குக் காவி எடுத்த ஓடைக்கரை அது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று பட்டை பட்டையாக இருக்கும். தொட்டுப் பார்க்க வேண்டாம், எடுக்கவே வேண்டாம். மற்றவற்றைத் திரும்பும்போது பார்க்கலாம்.

முதல் சாயங்காலம்

மதியம் போய்ச் சேர்ந்து கூடாரம் போடுங்கள். ஆற்றோரம் பெரிய சிவப்பு யூகலிப்டஸ் மரங்கள் நிழலாகத்தான் இருக்கும், ஆனால் அடியில் போடாதீர்கள். காற்றே இல்லாத நாளிலும் இந்த மரம் பெரிய கிளையைச் சட்டென்று முறித்துப் போடும்.

வேலை முடிந்ததும் குளத்துக்கு நடந்து போங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. முதல்நாளே குதித்துவிடத் தோன்றும். வேண்டாம், சும்மா உட்கார்ந்து வெயிலை மட்டும் கவனியுங்கள். எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, தண்ணீர் எப்போது நிழலுக்குள் போகிறது என்று பாருங்கள். அடுத்த நாள் முழுவதும் இந்தக் கணக்கில்தான் ஓடப்போகிறது. ஜூலையில் சூரியன் ஏழேகாலுக்கு உதித்து ஆறு மணிக்கெல்லாம் போய்விடும். இடுக்குக்குள் நேர்வெயில் அதைவிடக் குறைவு. சென்னையில் உச்சிவெயிலுக்கு ஒதுங்குகிற நாம், அங்கே உச்சிவெயிலைத்தான் நீச்சலுக்குப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சுவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அது குவார்ட்சைட் என்னும் கெட்டிப் பாறை. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமி நெருக்கியதில் ஒரே பாறை அடுக்கு நழுவித் தன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. பாயை மடித்துப் போட்டதுபோல் இங்கே அடுக்கு இரட்டை, அதனால்தான் சுவர் இவ்வளவு உயரம். தண்ணீர் வடியும் ஆர்மிஸ்டன் ஓடை தெற்கே ஃபிங்க் ஆற்றில் சேர்கிறது. ஆறு என்றதும் கூவத்தையோ கொசஸ்தலையையோ நினைக்காதீர்கள். ஆண்டின் பெரும்பகுதி அது வெறும் மணல்தான்.

நடை

மூன்று நடைகள் இருக்கின்றன. குளம் வரை போய் வருவது அம்மா போன்றவர்களுக்கு. அடுத்தது கோஸ்ட் கம் நடை, இரண்டரை கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். படியேறிப் போனால் இடுக்கின் விளிம்பில் ஒரு காட்சிமேடை வரும். அங்கே பாறைப் பிளவில் ஒற்றை வெள்ளை மரம், அதுதான் கோஸ்ட் கம். பட்டையைத் தடவினால் கையில் சுண்ணாம்புப் பொடி போல ஒட்டும். கீழே இறங்கி ஆற்றுப்படுகை வழியாகத் திரும்பலாம். முட்டிவலி உள்ளவர்கள் மேடை வரை போய் வந்த வழியே இறங்குவது நல்லது. படுகை முழுக்கப் பாறாங்கல்.

மூன்றாவதுதான் நான் போகச் சொல்வது. ஆர்மிஸ்டன் பவுண்ட் சுற்று, எட்டரை கிலோமீட்டர், மூன்று முதல் நான்கு மணி நேரம். இரண்டாம் நாளை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பவுண்ட் என்பது மலைகள் சுற்றி நின்று உள்ளே வட்டில் போல விட்டிருக்கும் வெளி. வழியை மலைப்பக்கமிருந்து தொடங்கி இடுக்கு வழியாக முடியுங்கள். காரணம் வெயில்தான். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ஏற்றம் குளிரிலேயே முடிந்துவிடும். மேலே முகட்டில் நிற்கும்போது வட்டில் முழுக்க இளவெயில். பதினொன்று, பதினொன்றரைக்கு இடுக்குக்குள் நுழைகையில் வெயில் அப்போதுதான் கீழே தண்ணீருக்கு இறங்கியிருக்கும். நடந்து சூடேறிய உடம்போடு குளத்தங்கரையில் வந்து முடிப்பீர்கள். எதிர்த்திசையில் போனால் காலையில் குளிர்ந்த இடுக்கிலும் மதியம் நிழலில்லாத ஏற்றத்திலும் மாட்டிக்கொள்வீர்கள். 

கிளம்புமுன் தகவல் மையத்தில் தண்ணீர் மட்டத்தைக் கேளுங்கள். மழை பெய்திருந்தால் முடியும் இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கவோ, சில சமயம் நீந்தவோ வேண்டியிருக்கும். போனைப் போட்டுக் கட்ட ஒரு பிளாஸ்டிக் பை வைத்துக்கொள்ளுங்கள். மேலே கருமேகம் தெரிந்தால் படுகைக்குள் இறங்காதீர்கள். வறண்ட பாறையில் விழும் மழை ஊறாமல் அப்படியே ஓடிவரும்.

நடக்கும்போது ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர். நாலு மணி நேரத்துக்கு நாலு லிட்டர். கனமாகத்தான் இருக்கும், தூக்குங்கள். கூடவே மாங்காய் ஊறுகாயோ உப்பு போட்ட வேர்க்கடலையோ ஏதாவது கொறிக்க வேண்டும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் உப்பு குறைந்து தலை சுற்றும்.

வழியோரம் பந்துபந்தாக நிற்கும் புல்லுக்கு ஸ்பினிஃபெக்ஸ் என்று பெயர். தூரத்திலிருந்து பஞ்சுத் தலையணை மாதிரி இருக்கும். கிட்டே போனால் ஒவ்வொரு இலையும் ஊசி. நுனி உடைந்து தோலுக்குள்ளேயே நின்றுவிடும். நீளக் காற்சட்டை போடுங்கள், பையில் ஒரு முள்வாங்கி இருக்கட்டும். உட்காருமுன் பின்னால் பார்த்துவிட்டு உட்காருங்கள் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

தண்ணீரில் இறங்குவது

இதை அவசரமாகப் படிக்காதீர்கள்.

நான் காசிமேட்டுக் கடலில் நீச்சல் கற்றவன். கடலிலேயே நீந்தியவனுக்குக் குளம் எம்மாத்திரம் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. இரண்டு விஷயங்கள் அந்த நினைப்பைக் கழற்றிவிட்டன. முதலாவது, உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கும், நல்ல தண்ணீர் அந்த அளவு தூக்காது. கடலில் சும்மா கையைத் தள்ளினால் மிதப்பவர், இங்கே கொஞ்சம் கூடுதலாக உழைத்தால்தான் மிதப்பார். இரண்டாவது குளிர்.

நம் கடல் வெதுவெதுப்பு. நம் உடம்புக்கு நிஜமான குளிர்தண்ணீர் தெரியாது. குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று இறங்கினால் உடம்பு தானாகவே ஒருமுறை பெரிதாக மூச்சை இழுக்கும், நம்மால் தடுக்க முடியாது. அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரை. அடுத்த ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு வேகவேகமாக வாங்கும், நெஞ்சு படபடக்கும். நல்ல நீச்சல்காரர்கள்கூட இந்த இரண்டு நிமிடத்தில்தான் பயந்து கைகாலை அடித்துச் சோர்ந்துபோகிறார்கள். இதைத் தாண்டினால் பத்து, பதினைந்து நிமிடத்தில் கையும் காலும் மெல்ல மரத்து, சொன்னபடி கேட்காமல் போகும்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். உச்சிவெயில் குளத்தில் விழும் நேரமாகப் பாருங்கள். கரையில் உட்கார்ந்து கால், பிறகு கை, பிறகு பிடரியையும் முகத்தையும் நனையுங்கள். மணல்கரைப் பக்கமாக முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று நின்று நின்று இறங்குங்கள். நெஞ்சளவில் நின்று மூச்சு ஒரு சீராக வரும்வரை காத்திருங்கள். அவசரமே இல்லை. பிறகு மல்லாந்து மிதந்து பாருங்கள், பெரியமேட்டில் பழகியது இதற்குத்தான். மூச்சு ஒழுங்காக இருந்தால் நீந்துங்கள், கரையை ஒட்டியே. மேலாக வெதுவெதுப்பாக இருக்கும், காலை நேராகத் தொங்கவிட்டால் கீழே வேறு தண்ணீர் என்று தெரியும். ஐந்து, பத்து நிமிடத்தில் ஏறிவிடுங்கள். பாறை மேல் வெயில் காய்ந்து, இன்னொருமுறை இறங்கலாம்.

பாறையிலிருந்து குதிக்கவே கூடாது. ஒரு பக்கம் 14 மீட்டர் ஆழம் என்கிறார்கள். இன்னொரு பக்கம் முழங்காலளவுத் தண்ணீருக்கடியில் பாறையும் மரக்கட்டையும் கிடக்கும். தண்ணீர் கறுப்பாக இருப்பதால் எது எங்கே என்று மேலிருந்து தெரியாது. மட்டமும் மாதத்துக்கு மாதம் மாறும். உயிர்காப்பாளர் யாரும் கிடையாது. சிறு வயதில் நாம் லாரி டியூப்பைப் போட்டுக்கொண்டுதானே கற்றோம்? அதுபோல ஒரு காற்றடைக்கும் மிதவையை ஆலிஸில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்களே அப்படித்தான் வருகிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியாக இறங்காதீர்கள், ஒருவர் கரையில் நின்று பார்த்துக்கொள்ளட்டும். இதயக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் காலை மட்டும் நனைத்தால் போதும். அம்மா மடக்கு நாற்காலியைத் தண்ணீரோரம் போட்டு, கணுக்கால் வரை நனைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தை எங்களைவிட அதிகம் பார்த்தது அவள்தான்.

மழையில்லாத நீண்ட காலத்துக்குப் பிறகு குளம் வற்றிப் பச்சை படர்ந்திருந்தால் இறங்காமல் விட்டுவிடுங்கள். இறங்கும்போது சோப்பு, ஷாம்பூ எதுவும் ஆகாது. இந்த மலைத்தொடருக்கு அரென்டே மொழியில் ட்ஜோரிட்ஜா என்று பெயர், அவர்களுக்கு இது புனித நிலம். திருவொற்றியூர்க் கோயில் குளத்தில் துணி துவைக்க மனசு வருமா? அதே அடக்கம் போதும்.

யார் யாரைப் பார்க்கலாம்

வனவிலங்கு என்றதும் கங்காரு என்று ஓடாதீர்கள். இங்கே நாயகன் கரும்பாதப் பாறை வாலபி, கங்காருவின் சின்னத் தம்பி மாதிரி. பெரிய பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு. செங்குத்துப் பாறையில் பந்து எகிறுவதுபோல எகிறும். உள்ளங்கால் சொரசொரப்பாக இருப்பதால் வழுக்காது. விடிந்த ஒரு மணி நேரமும் மாலை கடைசி ஒரு மணி நேரமும்தான் அதன் நேரம். குளிர்காலக் காலையில் வெயில் முதலில் படும் சுவர் எது என்று முதல்நாள் பார்த்து வைத்தீர்கள் அல்லவா, அதன் எதிரே போய் உட்காருங்கள். அதுவும் குளிர் காயத்தான் வரும். கற்குவியலில் அசைவைத் தேடினால் தெரியாது. ஒரு கல்லுக்குக் காது இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்மிஸ்டனில் தவறினால் திரும்பும் வழியில் சிம்ப்ஸன்ஸ் கேப்பில் பார்த்துவிடலாம்.

மே மாதத்தில் போனால் பெரன்டி கண்ணில் படலாம். ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய உடும்பு, இரண்டு மீட்டரைத் தாண்டும். குளிர் முற்றினால் பொந்துக்குள் போய்விடும், பாம்பும் அப்படியே. மத்தியப் பாறை எலி என்று ஒன்று இருக்கிறது. அற்றுப்போய்விட்டது என்று எழுதிவைத்திருந்ததை 1996ல் இந்த மலைத்தொடரில் மறுபடி கண்டுபிடித்தார்கள். அதை நீங்கள் பார்க்கப்போவதில்லை. ஆனால் இரவில் கூடாரத்துக்குள் படுத்திருக்கும்போது அது எங்கோ மேலே பாறையில் விதை பொறுக்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்க நன்றாயிருக்கும்.

டிங்கோ என்னும் காட்டுநாய் முகாமைச் சுற்றி வரும். தெருநாய்க்குப் பிஸ்கட் போடும் பழக்கத்தை அங்கே காட்டாதீர்கள். உணவையும் ஷூவையும் காருக்குள் வையுங்கள், ஷூவைக்கூடத் தூக்கிக்கொண்டு போகும்.

பறவைகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் தெருவில் பால்கனிக்கு ஒரு கூண்டு, கூண்டுக்குள் பச்சை மஞ்சளாக லவ் பேர்ட்ஸ், இல்லையென்றால் சிவப்பு மூக்கு ஃபின்ச். அவற்றின் சொந்த ஊர் இந்தப் பாலைவனம்தான் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. வரிக்குருவிகள், அதாவது அந்த ஃபின்ச்சுகள், தண்ணீரை விட்டு அதிக தூரம் போகாது. காலை ஒன்பது மணிக்கு ஆழமில்லாத விளிம்பில் கூட்டமாக வந்து குடிக்கும். பட்ஜெரிகார் எனும் நம் லவ் பேர்ட்ஸ் மழையைத் தேடி அலையும் பறவை, பார்ப்பது அதிர்ஷ்டம். இரண்டாம் பயணத்தில் ஒரு கூட்டம் இடுக்குக்குள் வந்து, அத்தனையும் ஒரே நேரத்தில் திரும்பியபோது சுவர் முழுக்கப் பச்சை மின்னியது. எதிர்வீட்டுக் கூண்டைப் பார்க்கும்போது அதன் பிறகு எனக்கு மனசு சரியில்லை.

தரையில் கொண்டையோடு செங்கல் நிறத்தில் நடந்து திரியும் புறா ஸ்பினிஃபெக்ஸ் புறா. மனிதரைப் பார்த்தால் பறக்காது, ஓடும். தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள். ட்ரோன் வேண்டாம், அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது.

சாப்பாடும் இரவும்

முகாமிடத்தில் எரிவாயு அடுப்பும் கழிவறையும் குளியலறையும் இருக்கின்றன. நாங்கள் முதல் இரவு ரசம் சோறு, அடுத்த நாள் காலை உப்புமா, மதியத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டோம். நடைக்குப் புளிச்சோற்றை விஞ்சியது எதுவும் இல்லை. பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரத் தாத்தா தாளிக்கும் வாசத்துக்கு வந்து நின்றார். ரசத்தைக் குவளையில் கொடுத்தோம், மூன்று குவளை குடித்தார்.

குளிருக்குத் தரையில்தான் முதல் காப்பு. மேலே எத்தனை போர்த்தினாலும் கீழே மெத்தை இல்லையென்றால் முதுகு வழியாகக் குளிர் ஏறும். நல்ல ஸ்லீப்பிங் பேக்கை ஆலிஸில் வாடகைக்கு விசாரியுங்கள், இங்கிருந்து சுமக்க வேண்டாம்.

நள்ளிரவில் ஒருமுறை அலாரம் வைத்து எழுந்திருங்கள். நிலவில்லாத நாளாக இருந்தால் பால்வெளி இடுக்கின் இரண்டு விளிம்புக்கும் நடுவே தெரியும். எங்கள் மாடியிலிருந்து மணலி பக்கத்து வெளிச்சத்தில் பத்து நட்சத்திரம் எண்ணிப் பழகியவனுக்கு அது கொஞ்சம் பயமாகவே இருந்தது.

திரும்பும்போது

மூன்றாம் நாள் காலை ஒன்பதுக்குள் கூடாரத்தைச் சுருட்டுங்கள். குப்பை எல்லாவற்றையும் காரில் ஏற்றி ஆலிஸுக்குக் கொண்டுவாருங்கள். ஷூ இடுக்கில் ஒட்டிய விதைகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் அங்கேயே தட்டிவிடுங்கள், வேறிடத்துக்குக் களை போகக் கூடாது.

வழியில் எல்லரி கிரீக்கில் நிறுத்துங்கள். அங்கேயும் தண்ணீர் நல்ல குளிர், கால் நனைத்தால் போதும். ஸ்டான்ட்லி கேஸத்துக்கு நண்பகலில் போய்ச் சேரும்படி பாருங்கள். இரண்டு சுவருக்கும் இடையே சில அடிதான் இடைவெளி, சூரியன் உச்சிக்கு வரும் கொஞ்ச நேரம் மட்டும் உள்ளே வெயில் விழுந்து கல் கனலாக எரியும். அது அரென்டே குடும்பங்களுக்குச் சொந்தமான இடம், கட்டணம் தனியாகக் கொடுக்க வேண்டும். கடைசியாக நாலரைக்குச் சிம்ப்ஸன்ஸ் கேப். அங்கே நீந்தக் கூடாது, வாலபி மட்டும். அங்கிருந்து ஊர் இருபது கிலோமீட்டர்தான். இருட்டுவதற்குள் அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது, அம்மா ஜெர்கினைக் கழற்றாமலேயே உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.